"கரண்ட்" வைத்த தோலுக்கு என்ன மருந்து?



சென்ற மடலில் வெளியான வரவு செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு சபையார் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். புற்றுநோய்ப் பிரிவுக்கென்று தாங்கள் அனுப்பிய காணிக்கையில் ஒரு பகுதி பஞ்சு, காஸ் துணி, களிம்பு, சோப்புத் திரவம் என்று செலவாகியிருக்கிறதே, நாங்கள் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அல்லவா கொடுத்தோம் என்று அன்போடு கேட்டிருந்தார். கேட்டதில் தவறில்லை. கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. பதில் எழுத உட்கார்ந்தபோது அது ஒரு தபால் அட்டையில் அடங்காது என்று தெரிந்தது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். வயது ஐம்பதைத் தாண்டியவர். இளம் வயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம். கன்னத்தின் உட்புறத்தில் வந்த புண் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவைக்குப் பின் கதிர்வீச்சு சிகிச்சைக்காக நம்மிடம் தங்கினார். நம் பக்கத்து ஜனங்கள் இந்தச் சிகிச்சையை "கரண்ட் வைப்பது" என்றுதான் சொல்லுவார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் முப்பத்துமூன்று முறை வைக்க வேண்டும் என்று டாக்டர் கணக்கிட்டிருந்தார். ஆறரை வாரம். மூன்றாம் வாரத்தில் கழுத்துத் தோல் கறுத்தது. நான்காம் வாரத்தில் உரிந்தது. ஐந்தாம் வாரத்தில் தாடையின் கீழே மடிப்பில் தோல் கழன்று, நீர் கசிந்து, சேலைத் தலைப்பு அதில் ஒட்டிக்கொண்டது. இருபத்துநான்காவது கரண்ட் முடிந்த அன்று சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டு சிஸ்டரிடம் வந்து நின்றார்.

"புத்து ஆறுதோ இல்லியோ, கழுத்து வெந்து போச்சு தாயி. இனி எனக்குக் கரண்ட் வேணாம். சாகுறதுன்னா வீட்டுல கிடந்து சாகுறேன்."

சிஸ்டர் எவ்வளவோ சொல்லியும் கேளாமல் ஊருக்குப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் மகன் சமாதானம் சொல்லி அழைத்து வந்தான். அதற்குள் ஆறு முறை வைக்க வேண்டிய சிகிச்சை தவறிப்போயிருந்தது.

ஆறு நாள்தானே, பின்னால் சேர்த்து வைத்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். அப்படியல்ல. கதிர்வீச்சைத் தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆனபின், மிஞ்சியிருக்கும் புற்று அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் பகுதிப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், அந்த இடத்தில் நோயை அடக்கிவைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்று மேலாகக் குறைகிறது என்பது பல ஆண்டு ஆராய்ச்சியில் கண்ட கணக்கு. ஒரு வாரம் தவறினால் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் குறைந்துவிடக்கூடும். அந்தத் தாயார் ஓடிப்போனது புற்றுநோய்க்குப் பயந்தல்ல, இயந்திரத்துக்குப் பயந்துமல்ல. தோலின் எரிச்சல் தாங்காமல். அந்த எரிச்சலைத் தணிக்கும் களிம்பும் துணியும் கதிர்வீச்சு சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று நாங்கள் கணக்கு எழுதுவது இதனால்தான்.

தோல் ஏன் வேகிறது?

உண்மையில் அது வேகவில்லை. அடுப்பில் சுட்ட புண்ணுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நெருப்புப் புண் தொட்ட உடனே தெரியும். கதிர்ப் புண் வாரக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகு தலைகாட்டும்.

நம் தோலை ஒரு வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் மேல் தோல் விளைந்து நிற்கும் பயிர். அதற்கு அடியில், ஒரு தாளின் கனமே உள்ள ஓர் அடுக்கில், நாற்றங்கால் இருக்கிறது. அங்கே புது அணுக்கள் பிறந்து, மெல்ல மேலே ஏறி, சுமார் நான்கு வாரத்தில் மேற்பரப்புக்கு வந்து உதிர்கின்றன. கதிர்வீச்சு விளைந்த பயிரை அதிகம் தொடுவதில்லை. நாற்றங்காலையே அடிக்கிறது. பிளந்து பெருகும் அணுக்களின் உள்ளே இருக்கும் மரபு இழையை அறுப்பதுதான் அதன் வேலை. புற்று அணுவை அப்படித்தான் கொல்லுகிறது. வழியில் அகப்பட்ட தோலின் நாற்றையும் அதே விதமாக அழிக்கிறது. நாற்றங்கால் அழிந்தாலும் சில வாரம் வயல் பச்சையாகவே தெரியும். பழைய பயிர் உதிர்ந்து, நட நாற்று இல்லாதபோதுதான் தரை வெளியே தெரியும். நீர் கசியும் புண் ஐந்தாம் வாரத்தில் வருவதும், சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அதிகமாவதும் இதனால்தான். "கரண்ட்டை நிறுத்தியும் புண் கூடுதே" என்று கலங்கும் உறவினருக்கு இந்த நாற்றங்கால் கதையைத்தான் சொல்லுகிறோம். வேர்க்கால்களின் ஓரத்தில் தப்பிய அணுக்களிலிருந்து நாற்று மறுபடி பிடித்துவிடும். பெரும்பாலோருக்கு முடித்த ஒரு மாதத்துக்குள் புதுத் தோல் மூடிவிடுகிறது.

இது புதிய அனுபவமுமல்ல. ரான்ட்கன் 1895-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில மாதங்களிலேயே அதைக் கையாண்டவர்களின் கைகள் சிவந்து உரிந்தன. 1901-இல் பியர் கியூரி வேண்டுமென்றே தன் புஜத்தின் மேல் ரேடியப் பொருளைப் பத்து மணி நேரம் வைத்துப் பார்த்தார். அந்தப் புண் ஆற ஐம்பது நாளுக்கு மேல் ஆயிற்று. தோலை அழிக்கும் பொருள் கட்டியையும் அழிக்குமே என்ற யோசனைக்கு அந்தப் புண்ணும் ஒரு காரணம். சிகிச்சையும் தோல் புண்ணும் இரட்டைப் பிள்ளைகள் போலப் பிறந்தன.

1951-இல் கனடாவில் கோபால்ட் இயந்திரம் வந்தபோது ஒரு பெரிய நன்மை கிடைத்தது. அதன் கதிர் தோலின் மேலேயே தன் முழு பலத்தையும் காட்டாமல் அரை சென்டிமீட்டர் உள்ளே போய்க் காட்டும். இப்போதுள்ள லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரங்களில் இன்னும் ஆழம். அப்படியானால் தோல் தப்ப வேண்டுமே என்று கேட்பீர்கள். பல இடங்களில் தப்புகிறது. ஆனால் கழுத்தில் கட்டி பரவும் நிணநீர் முடிச்சுகள் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன. தலை அசையாமல் இருக்க முகத்தில் மாட்டும் வலைக் கூடு, கதிருக்கு இன்னொரு தோல் போல அமைந்து, அடியிலுள்ள உண்மைத் தோலை "உள்ளே" ஆக்கிவிடுகிறது. மார்பகத்தில் கதிர் சாய்வாக உரசிச் செல்லுகிறது. மார்பின் அடி மடிப்பிலும் அக்குளிலும் தோலோடு தோல் சேர்ந்து அதே வேலையைச் செய்கிறது. புண் வருவது பெரும்பாலும் அந்த மடிப்புகளில்தான். கதிர்வீச்சு பெறுவோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் தோல் மாற்றம் உண்டாகிறது. நீர் கசியும் அளவுக்குப் போவது அவர்களில் ஒரு பங்கினருக்கே.

இங்கே நம் ஜனங்களுக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மருத்துவப் புத்தகங்களில் முதல் அடையாளம் "சிவத்தல்" என்று போட்டிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. கறுக்கும், ஊதா கலந்த பழுப்பாகும், இறுகிப் பளபளக்கும், தொட்டால் சுடும். கண்ணால் மட்டும் பார்க்கிறவர்கள் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுவார்கள். ஆகவே நம் சிஸ்டர்கள் புறங்கையை வைத்துப் பார்த்து, இரு பக்கத்துச் சூட்டையும் ஒப்பிட்டு, "எரியுதா அம்மா, இறுக்குதா" என்று கேட்டு எழுதுகிறார்கள். செலவில்லாத கருவி.

ஊதா மருந்திலிருந்து

பழைய நாட்களில் எல்லாருக்கும் ஒரே வைத்தியம். தண்ணீர் படக்கூடாது, சோப்பு கூடாது. புண் வந்தால் ஜென்ஷன் வயலட் என்னும் ஊதா மருந்தைப் பூசு. மூத்த சிஸ்டர்கள் நினைவில் கோபால்ட் வார்டு என்றாலே ஊதாக் கழுத்துகள்தான். அந்த மருந்து புண்ணைக் காய வைத்தது, துணியையும் தலையணையையும் சாயம் ஏற்றியது, காய்ந்த பொருக்கு அசையும்போது வெடித்து வலித்தது. அதை விட்டாயிற்று.

தண்ணீர் படக்கூடாது என்ற கட்டளையும் சோதனைக்கு நிற்கவில்லை. தோலில் போட்ட மைக்கோடு அழிந்துவிடக்கூடாது என்ற பயத்தில் பிறந்த கட்டளை அது. 1990-களிலும் அதற்குப் பின்னும் மார்பகப் புற்றுநோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தபோது, மென்மையான சோப்பும் தண்ணீரும் பயன்படுத்தியவர்களுக்குத் தோல் கெடவில்லை. கழுவாதவர்களைவிட நன்றாகவே இருந்தது. இருந்தும் "கரண்ட் வைச்ச இடத்துல தண்ணி படக்கூடாதாம்" என்று ஐந்து வாரம் குளிக்காமல், நம் வெயிலில், வியர்வையோடு இருக்கும் வியாதியஸ்தர்கள் இன்றும் வருகிறார்கள். இந்த ஒரு தவறான போதனையைத் திருத்துவது ஒரு பெட்டி களிம்பைவிட அதிக நன்மை செய்யும் என்பது என் எண்ணம்.

எதைக் குறிவைப்பது?

கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள். "புண்ணுக்கு என்ன பூசலாம்" என்பதை விட்டு, "இந்தப் புண் எந்தெந்தப் படியில் உண்டாகிறது, எந்தப் படியில் தடுக்கலாம்" என்று கேட்கத் தொடங்கினார்கள். நாற்று அழிவது ஒரு படி. அழிந்த அணுக்களைக் கண்டு உடம்பு அனுப்பும் அழற்சி ஒரு படி. பலவீனப்பட்ட தோலை உடை உரசுவது ஒரு படி. வேலி இடிந்த இடத்தில் கிருமி நுழைவது இன்னொரு படி. ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து.

அழற்சியைக் குறிவைப்பது மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்புகள். புண் வந்த பின்னல்ல, முதல் நாளிலிருந்தே மெல்லிதாகத் தடவ வேண்டும். மார்பகப் புற்றுநோயாளிகளில் நடந்த பல ஆய்வுகள் இவை அரிப்பையும் எரிச்சலையும் குறைப்பதைக் காட்டியுள்ளன. ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். சில வாரங்களுக்கு, டாக்டர் சொன்ன அளவில்தான். விலையும் எட்டும் விலை.

உரசலைக் குறிவைப்பது சிலிகோன் பூசிய மெல்லிய படலம். இரண்டாம் தோல் போல ஒட்டிக்கொள்ளும், அதன் மேலேயே குளிக்கலாம், எடுக்கும்போது தோலைப் பிய்க்காது. நியூசிலாந்தில் முதலில் சோதித்தார்கள். பிறகு கனடாவில் 376 பெண்களிடம் பெரிய ஆய்வு நடந்து 2023-இல் வெளியாயிற்று. படலம் ஒட்டாதவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு நடுத்தரமோ கடுமையோ ஆன தோல் பாதிப்பு வந்தது. ஒட்டியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கே வந்தது. நல்ல பொருள், ஐயமில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் இதன் விலை ஒரு கூலிக் குடும்பத்துக்கு எட்டாது. தாடையிலும் கழுத்திலும், நம் வியர்வையில், அது ஒட்டி நிற்பதும் கஷ்டம். மார்பின் அடி மடிப்பில் புண் வரக்கூடிய பெண்களுக்கென்று மட்டும் அளந்து வெட்டி வைப்பதே நம்மைப் போன்ற இடங்களுக்குத் தகும்.

பெல்ஜியத்தில் கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியை மெல்ல பாய்ச்சி தோலைத் தேற்றும் முறையில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அதற்கு இயந்திரமும், ஒவ்வொருவருக்கும் நேரம் ஒதுக்கக் கூடுதல் ஆளும் வேண்டும்.

மூக்கில் இருந்த காரணம்

எனக்கு எல்லாவற்றிலும் அதிக ஆச்சரியம் தந்தது கிருமியைப் பற்றிய கண்டுபிடிப்பு. அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள மான்டிஃபியோர் மருத்துவமனையின் தோல் டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம். கரப்பான் வியாதியில் தோலின் வேலி பலவீனப்பட்டதும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி குடியேறி வியாதியை மோசமாக்குவது ஏற்கெனவே தெரிந்ததே. இந்தக் கிருமி நம்மில் மூன்றில் ஒருவர் அல்லது நால்வரில் ஒருவர் மூக்கில் யாதொரு தீங்கும் செய்யாமல் குடியிருக்கிறது. கதிர்வீச்சும் தோலின் வேலியைத்தான் இடிக்கிறது. அப்படியானால் கதிர்ப் புண்ணிலும் இதற்குப் பங்கு இருக்குமோ?

அவர்கள் 76 பேருக்குச் சிகிச்சை தொடங்குமுன் மூக்கில் பஞ்சுக் குச்சியைவிட்டுச் சோதித்து வைத்துக்கொண்டார்கள். சிகிச்சை முடிந்து பார்த்தபோது, தோல் அதிகம் கெட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் அந்தக் கிருமி இருந்தது. லேசான பாதிப்போடு தப்பியவர்களில் அப்படிப்பட்டோர் ஆறில் ஒருவர் அளவே.

அதன்பின் இன்னொரு 77 பேர். பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோயாளிகள். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு வழக்கமான பராமரிப்பு. மற்றப் பிரிவுக்குக் கதிர்வீச்சு தொடங்குமுன் ஐந்து நாள், தினம் ஒரு முறை குளோர்ஹெக்ஸிடின் கலந்த சோப்புத் திரவத்தால் குளியல், இரண்டு வேளை மூக்குக்குள் மியூபிரோசின் களிம்பு. சிகிச்சை நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே ஐந்து நாள். அவ்வளவுதான். வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களில் ஒன்பது பேருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு, நீர் கசியும் புண் வந்தது. மற்றப் பிரிவில் ஒருவருக்குக்கூட வரவில்லை. 2023-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

குளோர்ஹெக்ஸிடின் திரவம் என்ன பெரிய மருந்தா? நம் ஆபரேஷன் அறை வாசலில் தினமும் டாக்டர்கள் கை கழுவும் பொருள். மியூபிரோசின் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் சிறு டியூப். கோடிக்கணக்கில் செலவிட்டு இயந்திரம் வாங்கினாலும் தீராத தொல்லைக்கு, வாசலில் கிடந்த பொருள் உதவக்கூடும் என்றால் நமக்கு அது பெரிய செய்தியல்லவா?

ஆனாலும் கவனம் வேண்டும். அது ஒரே மருத்துவமனையில், குறைவான எண்ணிக்கையில் நடந்த ஆய்வு. கழுத்துப் புற்றுக்கும் இதே பலன் உண்டா என்று அதை வைத்துத் திட்டமாகச் சொல்ல முடியாது. மூக்குக் களிம்பை எல்லாருக்கும் ஓயாமல் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகி மருந்தே பயனற்றுப் போகலாம். ஆகவே டாக்டர் எழுதினால் ஒழிய யாரும் தாமாக வாங்கிப் போட வேண்டாம்.

மஞ்சளைப் பற்றி

இத்தனையும் எழுதிவிட்டு மஞ்சளை விட்டுவிட்டால் நம் சகோதரிகள் மன்னிக்கமாட்டார்கள். அமெரிக்காவில் 2013-இல் 30 பெண்களுக்கு மஞ்சளின் சத்தான குர்க்குமினை உள்ளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது புண் வெகுவாகக் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பின்பு 686 பேரிடம் அதே சோதனையைச் செய்து 2018-இல் வெளியிட்டார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறு ஆய்வை நம்பி ஓடக்கூடாது என்பதற்கு எங்கள் மாணவிகளுக்கு இதைத்தான் உதாரணம் காட்டுகிறோம். மேலே தடவுவது வேறு. மங்களூரில் ஃபாதர் முல்லர் மருத்துவக் கல்லூரியில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 50 பேரிடம் மஞ்சளும் சந்தன எண்ணெயும் சேர்ந்த கிரீமைச் சோதித்து, தோல் பாதிப்பு குறைந்ததாக 2014-இல் எழுதினார்கள். அதுவும் சிறு ஆய்வே. பெரிய ஆய்வு வந்தால் நமக்கு ஆட்சேபணை இல்லை. அரைத்த மஞ்சளைக் கனமாக அப்பிக்கொண்டு கதிர்வீச்சுக்கு வருவது மட்டும் கூடாது. மெல்லிய களிம்புப் பூச்சு கெடுதி செய்யாது என்று 2018-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்; கனமான பூச்சோ அந்த வலைக் கூட்டைப் போலவே தோலுக்குக் கிடைக்கும் அளவைக் கூட்டிவிடும்.

சோற்றுக் கற்றாழையையும் பலர் கேட்கிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும். ஆய்வுகளில் தடுப்பு மருந்தாக அது தேறவில்லை.

காயத்தையே குறைப்பது

எல்லாக் களிம்பையும்விட நல்லது, தோலுக்குப் போகும் கதிரைக் குறைப்பதே. 2008-இல் கனடாவில், மார்பகம் முழுவதும் ஒரே சீராகக் கதிர் பரவும்படி கணினியால் திட்டமிட்டபோது, நீர் கசியும் புண் நூற்றுக்கு 48 பேரிலிருந்து 31 பேராகக் குறைந்ததைக் கண்டார்கள். இங்கிலாந்தில் இருபத்தைந்து நாள் வைத்ததைப் பதினைந்து நாளாகக் குறைத்தார்கள். தோலும் தேறியது, நோயும் அடங்கியே இருந்தது. 2020-இல், தகுந்த பெண்களுக்கு ஐந்தே நாளில் முடிக்கலாம் என்ற முடிவும் வந்துவிட்டது. ஐந்து வாரம் பிள்ளைகளை விட்டு, கூலியை விட்டு, நம் தங்குமிடத்தில் தவம் கிடந்த தாய்மாருக்கு ஒரே வாரம்! வாய், கழுத்துப் புற்றில் இவ்வளவு சுருக்க முடியாது. அங்கே நாற்றங்காலின் பாடு இன்னும் நீளமானதே.

அந்தப் புற்றுநோய்க்கும் நம் மிஷன் மருத்துவமனைகளுக்கும் பழைய உறவு உண்டு. எவரெஸ்ட் மலைப் பயணங்களில் 1922-லும் 1924-லும் பங்குபெற்ற டாக்டர் சாமர்வெல் ஊழியம் செய்த நெய்யூரில், அவர் காலத்தில் உடன் இருந்த டாக்டர் ஓர் என்பவர், தென் திருவிதாங்கூர் ஜனங்களின் வாய்ப்புற்றுக்கும் வெற்றிலை, புகையிலைப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1933-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார். இத்தனை ஆண்டு சென்றும் அதே வெற்றிலைப் பையோடுதான் நம் வாசலுக்கு வருகிறார்கள்.

ஆறியபின் வரும் தொல்லையும் ஒன்று உண்டு. சிலருக்கு மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்து, தோலும் அதன் அடித்தசையும் நார் போல இறுகி, கழுத்தைத் திருப்பவோ கையைத் தூக்கவோ முடியாமல் போகிறது. பென்டாக்ஸிஃபைலின் மாத்திரையும் வைட்டமின் ஈ-யும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுத்து இதைத் தளர்த்தப் பார்க்கிறார்கள். சிலருக்குப் பலன் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் டெஃபெராக்ஸமின் என்னும் மருந்தைக் கதிர் பட்ட தோலில் செலுத்தி எலிகளில் சோதித்திருக்கிறார்கள். தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றக் கொடுக்கும் அதே மருந்து. அது எலிகளின் இறுகிய தோலில் இரத்த ஓட்டத்தைக் கூட்டியது. எலியிலிருந்து மனிதருக்கு வர நெடுந்தூரம் உண்டு. நம்மிடம் இப்போது இருப்பது கழுத்துக்கும் தோளுக்கும் தினசரிப் பயிற்சியே; ஃபிசியோதெரபி சகோதரர் கண்டிப்பாக வாங்கிக்கொள்ளுகிறார்.

கணக்குக்குத் திரும்புவோம்

மேலே சொன்ன தாயார் திரும்பி வந்த பின், மீதி ஒன்பது முறையையும் டாக்டர் கூட்டிக் குறைத்துத் திட்டமிட்டார். சில நாட்களில் காலையில் ஒன்று, ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு சாயங்காலம் ஒன்று என்று வைத்துத் தவறிய நாட்களை ஓரளவு ஈடு செய்தார். தினம் இருவேளை உப்புத் தண்ணீரால் கழுவி, ஒட்டாத துணிக்கட்டு வைத்து, அதைக் கழுத்தில் பிளாஸ்திரியால் ஒட்டாமல் சுற்றுத் துணியால் கட்டினார்கள். அவர் முடித்துப் போனார். கழுத்து ஆறி, இப்போது ஒரு பக்கம் சற்றுக் கறுப்பாக இருக்கிறது. தவறிய அந்த ஆறு வேளைகளின் விலை என்ன என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும் டாக்டர் டார்ச்சை அணைக்கும் வரைக்கும் சிஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இப்போது கதிர்வீச்சுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஒரு துணிப்பை கொடுக்கிறோம். அதில் ஒரு மென்மையான சோப்பு, டாக்டர் எழுதியிருந்தால் ஸ்டீராய்டு களிம்பும் சோப்புத் திரவமும் மூக்குக் களிம்பும், தமிழில் அச்சிட்ட ஒரு தாள், கழுத்தில் போட்டுக்கொள்ள இரண்டு மிருதுவான துணி. அன்பர் கேட்ட செலவு இந்தப் பைக்கும், புண் வந்தவர்களின் கட்டுக்கும் ஆனது.

அந்த இரண்டு துணியைக் கடையில் வாங்குவதைவிடப் பழைய பருத்தி வேட்டி நல்லது. பல தடவை துவைத்த வேட்டியின் மென்மை புதுத் துணியில் வராது. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அனுப்ப விரும்பினால், பாலியஸ்டர் கலக்காததாக, கஞ்சி போடாததாக, கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்தியதாக, முக்கால் கஜ அளவில் கிழித்து, ஓரம் தைக்காமல் அனுப்பவும். தைத்த ஓரம் கழுத்தில் உரசும். கலர்க் கரையை நீக்கிவிட்டால் நலம்.